பழவேற்காட்டின் பனிக்கால விருந்தினர்



திருப்பதிக்கு வருவோர் பெரும்பாலும் மலையேறித் திரும்பிவிடுகின்றனர். அதே மாவட்டத்தின் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் ஒரு மார்கழிக் காலையில் நின்று பாருங்கள். இருபுறமும் பழவேற்காடு ஏரியின் ஆழமற்ற உவர்நீரில், பூநாரைகள் அலகைத் தலைகீழாய்த் தாழ்த்தி இரையை வடிகட்டிக் கொண்டிருக்கும்.

அருகிலுள்ள நேலப்பட்டு 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்குக் கூடு கட்டும் கூழைக்கடாக்களின் எச்சம் குளத்து நீரை உரமாக்க, அந்நீரே வயல்களுக்குப் பாய்கிறது. எந்தக் கணக்கேட்டிலும் இவ்வரவு ஏறுவதில்லை. பொருளாதாரம் பயின்ற எம் போன்றோரின் குறை அது! உழவர்கள் அதனை அறிவர்.

கவலை வேறிடத்தில் உள்ளது. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்துக் குன்றி, மீனும் இறாலும் அருகும். மீனவர் வலை வெறுமையாகும். பறவைகளும் வேறிடம் நாடும். ஆதலின், முகத்துவாரத்தைத் தூர்வாரும் செலவைப் பறவைகளின் பெயரில் எழுதத் தயங்குவோர், மீனவர் நலக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.