இரவலர் என்னுஞ் சொல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி உதவிநிதி வழங்கப்பெறும் இவ்வவைக்கண், 'இரவலர்' என்னும் ஒரு சொல்லைக் குறித்துச் சில கூற விழைகின்றேன். இச்சொல் செவிப்பட்ட அளவானே, வாயிலில் நின்று கையேந்தும் ஒருவனை நினைந்து முகஞ்சுளிப்பார் நம்முட் பலர். ஆயின், சொல்லின் வரலாறு அத்துணைத் தாழ்ந்ததன்று.

இதன் பகுதி 'இர' என்பதாம். பணிந்து கேட்டல் என்பது அதன் பொருள். இரத்தல், இரப்பு, இரவு, இரவலர் என்பன அதனடியாகப் பிறந்தவை. இராப்பொழுதைக் குறிக்கும் 'இரவு' வேறு, இது வேறு. திருக்குறளின் 106-ஆம் அதிகாரத் தலைப்பைக் கண்டு, இராக்காலத்தைப் பற்றியது போலும் என மயங்கும் மாணவரை ஆண்டுதோறும் வகுப்பிற் காண்கின்றேன். திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் நகையையும் நூலையும் 'இரவல்' என்கின்றோமன்றோ? அதுவும் இக்குடும்பத்துச் சொல்லே. இரவல் கேட்க நாணாத நாம் இரவலர் என்னும் பெயர்க்கு நாணுகின்றோம்!

இனி, தொல்காப்பியனார் கூறுவதைக் காண்போம். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் அவர் ஒருங்கே இரத்தற் சொற்கள் என்றார். கொடுப்போனினும் தாழ்ந்தவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். ஆகவே, தாழ்ந்தோனே இரப்பான் என்பது இலக்கண முடிபன்று, மூவரும் இரப்போரே. இன்னும் ஒரு நுட்பம் உளது. 'கொடு' என்பது படர்க்கைக்கு உரிய சொல். தனக்கு வேண்டுவதைக் கேட்கும் உயர்ந்தோன், தன்னையே பிறன்போல் வைத்து அச்சொல்லை ஆளுகின்றான் என்கிறார் ஆசிரியர். 'எனக்கு' என்று கேட்க உயர்ந்தோன் நாவுங் கூசும் போலும்!

சங்கச் சான்றோர் காலத்து இரவலர்க்கு எதிர்ச்சொல்லாய் நின்றது புரவலர் என்பது. புரத்தல், காத்தல். இரவலரோ பாணர், பொருநர், கூத்தர், புலவர் முதலியோர். ஏதேனும் ஒரு கலையை உடையவர். அவருள் பெருஞ்சித்திரனார் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னைக் காண வந்த அப்புலவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்து விடுத்தான். அவர் அதனைக் கொள்ள மறுத்து, காணாது ஈந்த பொருளைக் கொண்டு செல்ல யான் வாணிகன் அல்லேன் என்றும், தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் இனிது என்றும் பாடினார் (புறநானூறு 208). இளவெளிமான் தகுதி நோக்காது சிறிதே கொடுத்தபோது அதனையும் தள்ளிச் சென்று, குமணனிடம் யானை பெற்று மீண்டு, அதனை இளவெளிமானது காவன்மரத்திற் கட்டி, இரவலரைக் காப்பவன் நீ அல்லை. அவரைக் காப்பாரும் உலகில் இல்லாமல் இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே கூறினார் (புறநானூறு 162). வறுமை அவரை வாட்டியது உண்மை. ஆயினும் அவர்தம் தலையைத் தாழ்த்திற்றில்லை.

திருவள்ளுவர் நல்குரவு என்னும் 105-ஆம் அதிகாரத்தை அடுத்தே இரவு, இரவச்சம் என்னும் இரண்டனையும் வைத்தார். முன்னதில், ஒளியாது கொடுப்பாரிடம் கேட்கலாம் என்றார். பின்னதில், அத்தகையாரிடத்தும் இரவாதிருத்தல் கோடி பெறும் என்றார். இரந்துதான் உயிர்வாழ வேண்டும் எனின், உலகைப் படைத்தவனே அலைந்து கெடுக எனச் சினந்தவரும் அவரே. அச்சினம் இரப்பவன்மேற் சென்றிலது என்பதைக் கருதுக.

உதவிநிதிக் குழுவினர்க்கு என் வேண்டுகோள் இதுவே. விண்ணப்பித்த மாணவனை நேரில் அழைத்து அமரச் செய்யுங்கள்; அவன் கற்றதைக் கேளுங்கள்; அவன் வீட்டு வறுமையை அவையறியப் படிக்காதீர்கள். காசோலையைத் தபாலில் அனுப்பிவிடுதல் எளிதே. அதியமான் செய்ததும் அதுவன்றோ? மாணவர்காள்! நுமக்குத் தகுதி உண்டேல், கேட்பதற்கு நாணற்க. பின்னாளில் நும்மிடம் ஒருவன் வந்து நிற்கும்போது இன்று நின்ற நிலையை மறவற்க.