ஐவேளையும் ஆரோக்கியமும்

 



நமக்கு அருளப்பட்ட அமானிதங்களுள் உடலும் உள்ளமும் முதன்மையானவை. ஆயினும் அவை இரண்டையும் நோய் வந்த பின்னரே நாம் நினைவுகூர்கின்றோம். நமது நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற மற்றோர் ஆய்விலோ, அது ஐவரில் ஒருவருக்கும் அதிகம் என்றாகிவிட்டது. ஒரு தலைமுறை வளர்ந்து முடிவதற்குள் ஒரு நோய் இருமடங்காகிவிட்டதென்றால், அதன் வேர் நமது அன்றாடப் பழக்கங்களில் இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

"நாளை முதல் நடக்கப் போகிறேன், சீனியைக் குறைக்கப் போகிறேன்" என்று தீர்மானிக்காதவர் யார்? அத்தீர்மானங்கள் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. ஏனெனில், அவற்றிற்கென ஒரு நேரமும் ஓர் இடமும் ஒதுக்கப்படுவதில்லை. ஒரு புதிய பழக்கம் நிலைபெற வேண்டுமாயின், முன்னரே நிலைபெற்ற ஒன்றுடன் அதனைப் பிணைத்துவிடுவதே எளிய வழி. முஸ்லிமின் நாளிலோ ஐந்து உறுதியான தூண்கள் ஏற்கனவே நாட்டப்பட்டுள்ளன. தொழுகையை உடற்பயிற்சி என்று எவரும் சுருக்கிவிட வேண்டாம், அது வணக்கம். ஆயினும், அவ்வைந்து வேளைகளும் நமது நாளை ஒழுங்குபடுத்துகின்றன என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு வேளையுடனும் ஒரு சிறு பழக்கத்தை இணைத்துப் பார்ப்போம்.

முதலாவது ஸுபஹ். புசல்லாவையின் குளிர்ந்த அதிகாலையில் தொழுகை முடிந்ததும் கை தேடுவது சூடான பிளேன்டீயை அல்லவா? 1867ஆம் ஆண்டு இக்கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட காலம் தொட்டு, அது நம் மலைகளின் வாழ்வாதாரமாக விளங்குகின்றது. தேயிலை மீது குற்றமில்லை. அதில் நாம் கரைக்கும் சீனியே குற்றவாளி. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர் பதினைந்து தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 60 கிராம் சீனியை உட்கொள்கின்றார். உலக சுகாதார அமைப்பு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, சராசரியாக வளர்ந்த ஒருவருக்கு 50 கிராமே உச்ச எல்லை. 25 கிராமுக்குள் நிற்பது மேலும் சிறந்தது. பணிஸ், பிஸ்கட், குளிர்பானம் ஆகியவற்றின் சீனி இக்கணக்கில் இன்னும் சேரவில்லை! சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வதும் தீர்வாகாது. அதுவும் சீனியின் இனமே. வாரத்திற்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஆறே வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இரண்டாவது ளுஹர். உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என வயிற்றைப் பிரித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நமது சோற்றுப் பீங்கானை ஒருமுறை உற்று நோக்குவோம். சோறு மலையாய்க் குவிந்திருக்க, மரக்கறி ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றது. போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ் என மலைநாட்டு மண் வாரி வழங்கும் நிலையில், சோற்றைக் குறைத்துப் பீங்கானின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுத்தால் என்ன?

மூன்றாவது அஸர். இளைஞர்களே, இது உங்களுடைய நேரம். பிள்ளைகளும் பதின்ம வயதினரும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விரைந்து நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஏற்றமும் இறக்கமுமான நம் பாதைகளில் அரை மணிநேரம் நடப்பதே சிறந்த பயிற்சியாகும். பெற்றோர்களே, மகன் மைதானத்துக்குச் செல்கின்றான். மகள் எங்கே செல்கின்றாள்? பாடசாலை, ரியூசன் வகுப்பு, சமையலறை என்ற வட்டத்துள் அவளது நாள் அடங்கிவிடவில்லையா? அண்ணலார் தம் துணைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள் என்பது ஹதீஸில் பதிவான செய்தி. தாயும் மகளும் சேர்ந்து நடப்பதற்குக் குடும்பத் தலைவர்களே வழிசமைத்துக் கொடுக்க வேண்டும்.

நான்காவது மஃரிப். அனைவரும் வீடு திரும்பும் இந்நேரம் உள்ளத்திற்குரியது. ஒரு வேளை உணவையேனும் கைபேசியின்றி ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பிள்ளை பேசும்போது இடையில் புத்தி சொல்லாது, பத்து நிமிடம் செவிமடுங்கள். பரீட்சைப் புள்ளியை மட்டுமே விசாரிக்கும் வீட்டில், பிள்ளை தன் மனச்சுமையை யாரிடம் இறக்கி வைக்கும்?

ஐந்தாவது இஷா. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை. இரவெல்லாம் நின்று வணங்கிய தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடமே, உமது உடலுக்கும் கண்ணுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அண்ணலார் உணர்த்தினார்கள். வணக்கத்தில் விழித்தவருக்கே இந்நினைவூட்டல் என்றால், கைபேசித் திரையில் விழித்திருப்பவருக்கு என்ன சொல்வது? திரையின் ஒளி, உறக்கத்தை வரவழைக்கும் சுரப்பைத் தாமதப்படுத்துகின்றது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் கோபம் கூடும், கவனம் சிதறும், மறுநாள் ஸுபஹும் தவறும். எனவே உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள கைபேசிகள் யாவும் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் வைக்கப்படட்டும். வாப்பாவின் கைபேசியே முதலில் வைக்கப்படட்டும்!

அன்பிற்குரிய நேயர்களே, இவையனைத்தையும் பேணியும் ஒருவரது உள்ளம் இருண்டுபோகலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கவலை, உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியன மனச்சோர்வின் அடையாளங்கள். அவ்வேளையில், "உனக்கு ஈமான் குறைவு" என்று குத்திக்காட்டுவது பெரும் அநீதியாகும். அருமை மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை ஸூரா யூஸுப் எடுத்துரைக்கின்றது. அவர்களுக்கு ஈமான் குறைவு என்று எவரேனும் சொல்லத் துணிவோமா? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்களே நோய்க்கு மருந்து செய்யுமாறும் பணித்தார்கள். எனவே துஆவும் செய்வோம், வைத்தியரையும் நாடுவோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைத்து ஆலோசனை பெறலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் இயங்கி வருகின்றன. நடுத்தர வயதை எட்டியோர், நோயின் அறிகுறிக்காகக் காத்திராது அங்கு சென்று வருவது நன்று.

ஐந்தையும் நாளையே தொடங்க வேண்டியதில்லை. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாமறிந்த நபிமொழி. ஒரு வேளையைத் தெரிவு செய்து, ஒரு பழக்கத்தை அதனுடன் இணையுங்கள். அது வேரூன்றியதும் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் உள்ளத்தில் அமைதியையும் தந்து, நம் இல்லங்களைச் செழிக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.