எச்சரிக்கை வந்தது, காணி வரவில்லை

(பதுளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வானிலை மாறுகிறது, அதைப் பற்றிய அறிவும் ஆண்டுதோறும் மாறுகிறது. முழு விவரமும் கைக்கு வரட்டும் என்று அரசு காத்திருப்பதா? கிடைத்த அளவில் செயலாற்றுவதா? உலக நாடுகள் மாநாடு கூட்டி ஆராயும் இந்தக் கேள்விக்கு ஊவா மலையில் நாம் உயிரை விலையாகக் கொடுத்து விடை கண்டிருக்கிறோம்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. எதிர்பாராத விபத்தா அது? அன்று! அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொல்லியும் மக்கள் போகவில்லையே என்று பின்னர் சிலர் குறை கூறினர். எங்கே போவது? தோட்டங்களை 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனுக்கோ குந்தியிருக்க ஒரு பேர்ச் காணியும் இல்லை.

இன்று 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை. 100 ஆனால் செம்மஞ்சள். 150 ஆனால் சிவப்பு. இவை பழைய மழையைக் கொண்டு வகுத்த கணக்குகள். மழையின் போக்கு மாறினால் கணக்கும் மாறவேண்டும். அதில் நமக்குக் குறையில்லை. சிவப்பு என்றதும் ஏறிச்செல்ல இடம் எது என்பதே நம் கேள்வி.

ஒருகாலம் இத்தீவின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டில், 1953இல் கடல் பெருகி 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாடு இன்று ஆறாண்டுக்கு ஒருமுறை தன் வெள்ளத் தடுப்புத் திட்டத்தைத் திருத்துகிறது. அதற்கெனச் சட்டத்தால் அமைந்த நிதியும் உண்டு. புதிய கணக்கு வந்தபின் பணம் தேடி அலைவதில்லை. இதற்கு ஒல்லாந்து வரை போவானேன்? வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயி, எத்தனை அங்குலம் பெய்தது என்று அறிந்த பிறகா வடிகால் வெட்டுகிறான்?

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலில் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்; பதுளை மாவட்டம் மிகக் கொடிய அழிவைக் கண்டது. இன்னும் எந்த விவரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்?

ஆபத்து வலயத்திலுள்ள ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றுக் காணி எந்த டிவிசனில் என்று பெயர் குறித்த பட்டியல் வேண்டும். அக்காணி குத்தகையிலிருந்து இப்போதே விடுவிக்கப்பட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதப்படவேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நாம் கேட்கப்போவது இந்தப் பட்டியலைத்தான். உங்கள் தோட்டத்து லயங்களின் எண்ணிக்கையை இன்றே எழுதித் தாருங்கள்.