மண் பாதையில் நம்ம சைக்கிள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் சைக்கிள் குழு உறுப்பினர்கள் பேசியது)



போன தை மாதம் நம்ம கூட்டமைப்பிலிருந்து பன்னிரண்டு பேர் ஜவ்வாது மலைக்குப் போய் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தோம். அதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேச்சு. "குழுப் பணத்துல ஊர் சுத்தப் போனாளுங்க" என்று சிலர். "ஒருத்தி கையை உடைச்சிக்கிட்டு வந்தா" என்று சிலர். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள் என்று தலைவி அக்கா கேட்டுக்கொண்டார். அதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். குழுவின் சேமிப்பிலிருந்தோ உள்கடனிலிருந்தோ ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆளுக்கு வாரம் 20 ரூபாய், 40 வாரம் தனியாகப் போட்டோம். ஆளுக்கு 800 ரூபாய், பன்னிரண்டு பேருக்கு 9,600 ரூபாய். சைக்கிள்களை ஏற்றிப்போன மினி லாரிக்கு 4,000. தங்கவும் சாப்பிடவும் 3,600. பஸ் கட்டணம் 1,100. பஞ்சர் சாமான், மருந்துப் பெட்டி 500. மீதி 400 ரூபாய் கையிருப்பு. நோட்டு இங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

சரி, எதற்குப் போனோம்? நம்மில் பாதிப் பேர் செய்யாற்றங்கரையில் வாழ்கிறவர்கள். கிணற்றில் தண்ணீர் ஊறுவதும் வற்றுவதும் அந்த ஆற்றை வைத்துத்தான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் நாம் அதை வெறும் மணலாகத்தான் பார்க்கிறோம். ஒருநாள் வாரக் கூட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "இந்த ஆறு எங்கேர்ந்துதான் வருது? நம்ம யாராவது போய்ப் பார்த்திருக்கோமா?" ஒருத்தரும் பார்த்ததில்லை. பேங்க், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, இதைத் தவிர நாம் எங்கே போயிருக்கிறோம்? அப்போதுதான் இந்த ஆசை பிறந்தது.

பஸ்ஸிலேயே போய் வரலாமே என்று கேட்டார்கள். பஸ் தார் ரோடு வரைக்கும் போகும். ஓடைகளும் காடும் இருப்பது மண் பாதையில். நடந்தால் இரண்டு நாளில் கொஞ்ச தூரம்தான் பார்க்க முடியும். சைக்கிளில் போனால் பார்த்துக்கொண்டே போகலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம்.

சைக்கிள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்குப் போன பெண்கள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்னாலிருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. கேலி பேசினவர்களுக்கு நடுவில்தான் அவர்கள் ஓட்டினார்கள். அவர்கள் போட்ட வழியில்தான் நாங்கள் போனோம்.

எங்களில் மூத்தவருக்கு 54 வயது, இளையவருக்கு 29. ஏழு பேருக்கு ஆறு மாதம் முன்புவரை சைக்கிளே தெரியாது. பொழுது சாய்ந்ததும் களத்துமேட்டில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பழகினோம். சைக்கிளுக்கு எங்கே போவது? பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீட்டில் தூசி படிந்து கிடந்தது. அதைத்தான் துடைத்து எடுத்தோம். மகளின் சைக்கிளில் அம்மா பழகினாள், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள் மகள்.

இப்போது உலகத்தில் இதற்கென்றே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. கிராவல் பைக் என்கிறார்கள். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் அகலம், மேடு ஏற கியர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கி ஜல்லிச் சாலையில் 200 மைல் போட்டி நடத்துகிறார்கள். நம் கணக்கில் 320 கிலோமீட்டர். எங்களுக்குக் கியரும் இல்லை, அகல டயரும் இல்லை. ஆனால் கல் பாதையின் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை அனுபவத்தில் கற்றோம், உங்களுக்கும் சொல்கிறோம்.

டயரில் காற்று கல் மாதிரி இருந்தால் சைக்கிள் குதிக்கும், கை மரத்துப்போகும். கொஞ்சம் இறக்கினால் டயர் மண்ணைப் பிடிக்கும். ரொம்ப இறக்கக் கூடாது. கல்லில் மோதும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். இரண்டாவது, கண் பார்க்கும் பக்கம்தான் சைக்கிள் போகும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் ஏறுவோம். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, மேட்டில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம். நாங்கள் பாதி மேடுகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம்.

முதல் நாள் காலையில் ஜமுனாமரத்தூரில் இறங்கினோம். குளிர் எலும்பைத் தொட்டது. மலையில் காடு வனத்துறையுடையது. அதனால் ஊர்க்காரர்கள் தினமும் நடக்கும் பாதையை விட்டு நாங்கள் விலகவில்லை. பகலில் மட்டும் ஓட்டினோம். குப்பையைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். மண் பாதையில் 18 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மரங்கள், சருகு வாசனை. சக்கரத்தின் கீழ் சரளைக் கல் நெறுநெறுவென்று சத்தம். அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. நிஜமாகச் சொன்னால், எங்களில் பலர் "அம்மா", "ஏம்மே" என்று யாரும் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ஒரு மலைக் கிராமத்தில் தங்கினோம். அங்கே இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆளும் மக்கள் என்று அவர்களே விளக்கம் சொல்கிறார்கள். அங்கேயும் மகளிர் குழு இருக்கிறது. சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் போட்டார்கள். சாமையைக் குத்திப் புடைக்கும் கஷ்டம், புளி விலை, வியாபாரி வைக்கும் எடை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. "எங்க ஊருக்குப் பொம்பளைங்க வண்டில வந்து பார்த்ததே இல்ல, எல்லாரும் நாங்கதான் கீழ வரணும்னு நெனைப்பாங்க" என்றார் அந்தக் குழுவின் ஊக்குநர்.

சாயங்காலம் ஒரு பெரியவர் எங்களைப் பள்ளத்தாக்கின் ஓரத்துக்கு அழைத்துப்போனார். கீழே பாறைகளுக்கு நடுவில் ஓடை. முழங்கால் அளவுகூட இல்லை, ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பல சேர்ந்துதான் செய்யாறு ஆகிறது. செங்கம் பக்கம் குப்பநத்தம் அணையில் தேங்கி, நம் ஊர்களைத் தாண்டி, கடைசியில் பாலாற்றில் கலக்கிறது. எங்களில் மூத்த அக்கா இறங்கி அந்தத் தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டார். "இத்தனை வருஷம் உன் மணல்ல நடந்தேன், இப்பத்தான் உன்னைப் பார்க்கிறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி வானம் முழுக்க நட்சத்திரம். இதே மலையில் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வு மையம் இருக்கிறது. அங்கே 1986 முதல் பெரிய தொலைநோக்கி இயங்குகிறது. ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டு வேண்டும் என்றுதான் மலையில் வைத்தார்கள். அந்த இருட்டின் அருமை எங்களுக்கு அன்று புரிந்தது.

இரண்டாம் நாள்தான் அந்தச் சம்பவம். இறக்கத்தில் ஒரு வளைவு. சரளை குவிந்து கிடந்தது. எங்கள் உறுப்பினர் ஒருத்தர் பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். முன் சக்கரம் வழுக்கி, ஆளை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு மலைத் தம்பி பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான். இறக்கத்தில் வேகம் பிடிக்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் மெதுவாகத் தொட்டுக்கொண்டே வரணும், வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கவே கூடாது. இதை நாங்கள் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் எல்லாருடைய தவறு.

கட்டுப் போட்டு வந்ததும் அவர் அழுதார். வலிக்காக இல்லை. "விழுந்து கை போனா யாரு சமைப்பா?" என்று வீட்டில் கேட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடுங்க" என்று எங்களிடம் கெஞ்சினார். அன்று ராத்திரி நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். பொய் சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் பாத்ரூமில் விழுந்தால் பரவாயில்லை, பாதையில் விழுந்தால் குற்றம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைசியில் அவரே முடிவு செய்தார், உள்ளதைச் சொல்வோம் என்று.

ஆறு பேர் கூடப் போனோம். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். நாங்கள் பதிலுக்குப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னோம், டாக்டர் சீட்டைக் காட்டினோம். கை சரியாகும்வரை ஆளுக்கு ஒருநாள் முறை வைத்துச் சமைத்துத் தந்தோம். நான்காம் நாள் அவர் மாமியார் சொன்னார்: "இத்தனை பேரு வந்து செய்யறீங்களே, நாளைக்கு நான் செய்யறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க." ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் அந்த சைக்கிளின் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. அந்த உறுப்பினர் இதோ இந்த மேடையில் மூன்றாவதாக நிற்கிறார். கையைப் பாருங்கள், நன்றாக இருக்கிறது.

இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் சும்மா கிடக்கும் சைக்கிள்களில் இரண்டையாவது சரி செய்து, பழக விரும்பும் உறுப்பினர்களுக்குப் பொதுவாக வைக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம். இரண்டு, மலைக் குழுவினரைப் பங்குனியில் நம் ஊருக்கு விருந்தாக அழைக்க வேண்டும். அவர்கள் ஓடையின் தண்ணீர் வந்து சேரும் இடத்தை அவர்களும் பார்க்கட்டும். அந்தச் செலவுக்கு எங்கள் கையிருப்பு 400 ரூபாயை முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த தையில் மறுபடியும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் இந்த வாரத்திலிருந்தே 20 ரூபாய் போட ஆரம்பியுங்கள்.