நம் மலையடிவாரத்து ஆட்டங்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் கொடைக்கானல் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இந்திய மாநிலங்களின் கிராமிய நடனங்கள்'. கொடுத்த நேரம் இருபது நிமிடம். மாநிலத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் எட்டு மாநிலங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடும். அதனால் நமக்குத் தெரிந்த மலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெளியூருக்குப் போய்வர நேரமிருந்தால் போய்வருவோம்.

நேற்று மாலை நம்மில் பலர் பிரையண்ட் பூங்காவில் கோடை விழா பார்த்தோம். கரகம் முடிந்தது, ஒயிலாட்டம் முடிந்தது. அடுத்தது பறையாட்டம் என்று அறிவித்துப் பத்து நிமிடமாகியும் யாரும் மேடைக்கு வரவில்லை. கூட்டம் கைதட்டி அவசரப்படுத்தியது. பக்கத்தில் இருந்த நண்பர், "என்னய்யா, தயாராகாமலா வந்தாங்க?" என்றார். நான் எழுந்து மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஐந்து பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சு இறங்கிவிட்டது. ஈரம் பட்டால் தோல் தொய்ந்துபோகும். தொய்ந்த பறை 'தொப் தொப்' என்று பழைய தலையணையைத் தட்டியதுபோலச் சத்தம் போடும். காய்ச்சினால்தான் கணீர் என்று பேசும்.

அந்தத் தீயைப் பார்த்ததும் எனக்கு 1974 ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் இறங்கப் போவதில்லை.

இந்த மலைப்பகுதியை ஆண்டவன் பேகன் என்பது நாமெல்லாம் பள்ளியில் படித்ததுதான். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். மழைக்காலத்து மயிலைப் பார்த்தான், குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைப் போர்த்தினான் என்று கதை சொல்வார்கள். நான் அந்தக் கதையை எப்போதும் கொஞ்சம் சிரிப்போடுதான் நினைத்துக்கொள்வேன். மனசு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் மேகத்தைக் கண்டால் மயில் ஆடும். அந்த ஆட்டத்தை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ! ஆட்டம் எதற்காக என்று தெரியாமல் பார்த்தால் இந்தத் தவறு யாருக்கும் வரும்.

ஏனென்றால் நம் ஆட்டங்களில் பெரும்பாலானவை பார்ப்பதற்காகப் பிறந்தவை அல்ல. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பறை கேட்டால் எந்த நிலம், என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துவிடும். திருமுருகாற்றுப்படையில் 'குன்றுதோறாடல்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. மலைமக்கள் தொண்டகப்பறைக்குக் குரவை ஆடுகிறார்கள். முருகனும் வந்து கூட ஆடுகிறான். மேடை இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவரும் இல்லை. சாமியே ஆட்டத்தில் இறங்கிவிட்ட பிறகு பார்ப்பதற்கு யார் மிச்சம்?

இதன் தொடர்ச்சியை இன்றைக்கும் பார்க்க வேண்டுமானால் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு வாருங்கள். கொடுமுடியில் காவிரித் தண்ணீரை மொண்டுகொண்டு கொங்குநாட்டு ஜனங்கள் தீர்த்தக் காவடி கட்டி வருவார்கள். அந்த நடைதான் ஆட்டம், அந்தச் சாலைதான் மேடை. வளைத்துக் கட்டிய காவடி, மயில்பீலி, இரண்டு பக்கமும் செம்பு. பம்பையும் உறுமியும் வேகம் பிடித்தால் கால் தானாகப் பின்னிக்கொள்ளும். இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தூக்கிவந்த இடும்பன்தான் முதல் காவடிக்காரன் என்பது ஐதீகம். இடும்பன் மலை இன்றும் எதிரிலேயே நிற்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கையே படாமல் தோளிலிருந்து பிடரிக்கும், பிடரியிலிருந்து மறு தோளுக்கும் காவடியை உருட்டுவார்கள். அது மேடைக்கு வந்த வித்தை. சாலையில் வருகிறவருக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. வேண்டுதல் இருந்தால் போதும். கால் புண்ணாகி, நொண்டிக்கொண்டே ஆடிவருகிற கிழவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் போட எந்த நடுவரால் முடியும்?

தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம் ஜனங்கள் இந்த ஆட்டத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். மலேசியாவில் பத்துமலை, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எங்கும் தைப்பூசம் என்றால் காவடிதான். வேண்டுதலும் கூடவே போனதால்தான் ஆட்டம் அங்கே உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

தேவராட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் ஆடுவது. பாட்டுக் கிடையாது. உறுமி சொல்லும், கால் கேட்கும். அந்த உறுமிக்குத் தேவதுந்துபி என்று பெயர். இந்த மலையடிவாரத்து விருப்பாட்சியில் இருந்துகொண்டு வெள்ளையரை எதிர்த்து, 1801இல் தூக்கிலிடப்பட்ட கோபால நாயக்கரும் அந்தச் சமூகத்தவரே. கும்மியில் ஒரு நல்ல செய்தி உண்டு. முருகன் வள்ளியை மணந்த கதையைச் சொல்லி ஆடும் வள்ளி ஒயில் கும்மி வெகுகாலம் ஆண்கள் ஆட்டமாகவே இருந்தது. கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்கள் அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024இல் எண்பது வயதைக் கடந்த நிலையில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது கொங்குநாட்டில் எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் நூற்றுக்கணக்கில் பெண்கள் வட்டம் கட்டுகிறார்கள்.

இனிக் கொஞ்சம் வெளியூர். குஜராத்தில் நவராத்திரிக்குக் கர்பா ஆடுகிறார்கள். நடுவில் துளையிட்ட மண்பானை, உள்ளே விளக்கு, சுற்றிலும் பெண்கள். நம் ஊர் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டுகிறவர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் அரைமணியில் சேர்ந்துகொள்வார்கள். 2023இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ராஜஸ்தானில் கல்பேலியா என்பவர்கள் பாம்பாட்டிகள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் பாம்புக்கூடை போய்விட்டது. கையில் மிஞ்சியது மகுடியும் பெண்களின் ஆட்டமும்தான். அந்த ஆட்டமே பிறகு சோறு போட்டது. அதில் ஒருவரான குலாபோ சபேராவுக்கு 2016இல் பத்மஸ்ரீ. வடகேரளத்தில் தெய்யம் கட்டுகிறவர் ஒரு காலத்தில் தீண்டாமை அனுபவித்த சமூகத்தவர். தெய்யம் ஏறிய அந்த நேரத்தில் மட்டும் ஊர்ப் பெரியவர்கள் கைகூப்பி அவரிடம் வாக்குக் கேட்பார்கள். கிரீடம் இறங்கியதும் எல்லாம் பழையபடி. மேற்குவங்கத்துப் புருலியாவில் சாவ் ஆட்டத்தின் முகமூடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேளம் அடிப்பவர்கள் டோம் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்தார். முகமூடியை வாங்கிப்போய் வரவேற்பறையில் மாட்டுகிறோம். மேளக்காரர் முகம் யாருக்கும் ஞாபகமிருக்காது.

நமக்கும் அதே கதைதான். நம் காலத்துக் கல்லூரி விழாக்களில் 'ஆதிவாசி நடனம்' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். முகத்தில் கரி, இடுப்பில் இலை, வாயில் 'ஜிங்கலாலா'. இதே மலையில் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவரும் பளியர்கள் அப்படி ஆடியதாக யாராவது பார்த்ததுண்டா? சினிமாவைப் பார்த்துவிட்டு மலையைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டோம். மாணவர்களே, இந்த ஒன்றையாவது எங்களோடு ஒழித்துவிடுங்கள்.

சரி, 1974க்கு வருகிறேன். நான் இரண்டாம் ஆண்டு. கல்லூரி நாள் விழாவுக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் விடுதிக் கூட்டம் துடித்தது. தப்பாட்டம் ஆடலாம் என்று சொன்னவன் நான்தான். என் அறை நண்பன் மலையடிவாரக் கிராமத்துக்காரன். அவன் அப்பா தப்பு அடிப்பவர் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவனிடம் கேட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தப்பு கொண்டாந்து தர்றேன். அடியும் சொல்லித் தர்றேன். மேடைக்கு நான் வரமாட்டேன். யாருகிட்டயும் என்னைச் சொல்லாத" என்றான்.

விடுதிக்குப் பின்னால் ராத்திரியில் கற்றுக்கொடுத்தான். இடது கையில் மெல்லிய மூங்கில் குச்சி, வலது கையில் தடித்த அடிகுச்சி. கையும் காலும் ஒன்றாகப் போகவேண்டும். எனக்குக் கை வந்தால் கால் வராது. விழாவுக்கு முதல் நாள் அவன் இல்லாத நேரத்தில், பெரிய வித்வான்போல நானே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினேன். நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். தோல் குறுக்கே பிளந்துவிட்டது.

அவன் வந்து பார்த்தான். திட்டவில்லை. அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனான். மறுநாள் மத்தியானம் வேறு ஒரு தப்போடு வந்தான். ஆடினோம். முதல் பரிசு. ஒலிபெருக்கியில் எட்டுப் பேர் பெயர் சொன்னார்கள். அவன் பெயர் அதில் இல்லை. அவன் சொல்ல வேண்டாம் என்றான் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோப்பையோடு எடுத்த போட்டோ இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

படிப்பு முடிந்து பெட்டி கட்டுகிற அன்றுதான் அவன் சொன்னான். "அந்த வாரம் பக்கத்து ஊர்ல ரெண்டு சாவு. அப்பாகிட்ட தப்பு இல்ல. கூலி போச்சு. 'சொன்ன நேரத்துக்கு வரலை'ன்னு ஊர்ல வாங்கின பேச்சு தனி. அவர் அடிச்சா தெருமுனையிலேயே நிக்கணும். நீ அடிச்சா கோப்பை." கோபமாகக்கூட சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அதற்குப் பிறகு இந்தக் கருவிக்கு நல்ல காலமும் வந்தது. 'தப்பு' என்ற பெயரே வேண்டாம், பறை என்றே சொல்லுங்கள் என்று கலைஞர்கள் கேட்டார்கள். சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. அப்படிச் சொன்னதற்காக உதை வாங்கியவர்களும் உண்டு. நம் திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. ஆண்களே தொட்ட கருவி அது. மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் இன்று படித்த பிள்ளைகள் மாதக் கட்டணம் கட்டிப் பறை கற்கிறார்கள். மாட்டுத்தோலுக்குப் பதில் பைபர் தோல் போட்ட பறையும் வந்துவிட்டது. அதைக் காய்ச்ச வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் காதுக்கு அது வேறு சத்தம். நான் பழைய ஆள், எனக்குத் தோல்தான் பிடிக்கிறது.

போன மாதம் நண்பனுக்குப் போன் செய்தேன். வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்றவன், நம் சந்திப்புகளுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இதைப் பேசலாமா என்று கேட்டேன். "பேசு. பேரு மட்டும் வேண்டாம்" என்றான். அந்தத் தப்புக்கு நான் காசே கொடுக்கவில்லையே என்றேன். "இப்போ கொடுத்தா யாருகிட்ட கொடுப்பே?" என்றான். அவன் அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அவர் போன அன்றைக்கு யார் அடித்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நாளை நம் மாணவர்கள் ஏற்பாடு செய்திருக்கும் விழாவுக்குக் கீழ்மலையிலிருந்து ஒரு பறைக்குழு வருகிறது. அறிவிப்பாளர் தம்பியிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 'கிராமியக் குழுவினர்' என்று முடித்துவிடாமல், வருகிற ஏழு பேரையும் முன்கூட்டியே கேட்டு எழுதி, ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். பேசிய தொகையை அவர்கள் ஆடுவதற்கு முன்பே பொருளாளர் கொடுத்துவிடட்டும். சாப்பாடு நம்மோடு இதே பந்தியில். பொட்டலம் கட்டிக்கொடுத்து அனுப்ப வேண்டாம்.

அப்புறம், இந்தக் குளிரில் அட்டைப்பெட்டி பத்தாது. வத்தலக்குண்டிலிருந்து நாளைக் காலை வருகிற வேனில் ஒரு கட்டு வைக்கோல் ஏற்றிவரச் சொல்லியிருக்கிறேன். மேடைக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்கிவையுங்கள். அவர்கள் காய்ச்சி முடிக்கும்வரை யாரும் கைதட்டாதீர்கள்.