நாய்ச் சொறிக்கு மருந்திடுமுன்

நிலாவெளி வெங்காயத் தோட்டங்களிற் காவல் புரியும் நாய் ஓயாது சொறியுமாயின், முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும். வாலடியில் மயிர் உதிர்ந்திருப்பின் அங்குள்ள கருந்துகளைச் சீவி, நனைத்த வெள்ளைத் துணியில் இடுங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சமே. காதோரம் தடித்துப் பொருக்குற்று, அதை விரலாற் தேய்க்கும்போது பின்னங்கால் தானே சொறிய எழுமாயின், பெரும்பாலும் சிற்றுண்ணியாகும். மிளகாய் இலையைச் சுருட்டும் சிற்றுண்ணிக்கு இதுவும் ஓர் உறவே. மனிதருக்கும் தொற்றும்.

பயிருக்குத் தெளிக்கும் கிருமிநாசினியையோ உழவு இயந்திரக் கழிவு ஒயிலையோ பூசாதீர்கள். நஞ்சு தோலினூடும் ஊறும். நக்கும்போது வயிற்றிலும் சேரும். சொறி மாறுமுன் நாய் மாண்டுபோகலாம்.

மிருக வைத்தியரிடம் காட்டி, நாயின் நிறைக்கேற்ற மருந்து பெறுங்கள். முட்டை பொரித்துச் சிற்றுண்ணி முதிர ஏறக்குறைய 3 வாரங்கள் செல்லுமாதலின், ஒருமுறை மருந்து போதாது. வீட்டிலுள்ள ஏனைய நாய்களையும் உடன் கொண்டுசெல்லுங்கள். படுக்கைச் சாக்கை எரித்துவிடுங்கள்.