ஓசோனும் குளோரினும்

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடியிருக்கின்றன. மூன்று மூன்றாகக் கூடினால் அதுவே ஓசோன். பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிநின்று, கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது அது.

குளிர்ப்பெட்டிகளில் முன்பு பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள் தீப்பற்றா, நச்சும் அல்ல. எதனோடும் எளிதில் சேராத அந்தச் சாதுத்தன்மையே வினையாயிற்று. அவை மழையிலும் கரையாமல் மெல்ல மேலேறி, அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுவிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். அவ்வணு ஓசோனிடமிருந்து ஓர் அணுவைப் பறிக்கிறது. பறித்ததைத் தனித்துத் திரியும் பிராணவாயு அணு ஒன்றிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது. உடனே அடுத்த ஓசோனை நாடுகிறது! தான் தேயாமலே பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடுகிறது.

தென்துருவத்தில் நிலைமை இன்னும் கொடிது. குளிர்கால இருளில், உறைபனி மேகத் துகள்களின்மீது, செயலற்றிருந்த குளோரின் சேர்மங்கள் உருமாறுகின்றன. செப்டம்பரில் வெயில் வந்ததும் குளோரின் வேட்டைக்குக் கிளம்புகிறது. இவ்வசந்தகாலச் சரிவை, ஹாலி பே நிலையத்து அளவீடுகளைக் கொண்டு 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இதனை ‘ஓட்டை’ என்பது வழக்கு. மொழிபெயர்ப்போராகிய நமக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. அது மெலிவேயன்றி ஓட்டையன்று.

1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று; இந்தியா 1992-இல் சேர்ந்தது. இவ்வாயுக்களின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆயினும் அவற்றுள் ஒருவகை சுமார் 100 ஆண்டுகள் காற்றில் தங்கக்கூடியது. நம் பெற்றோர் காலத்துக் குளிர்ப்பெட்டியிலிருந்து கசிந்தது இன்னும் மேலேதான் உலவுகிறது.